மூன்று மைக்ரான் படலம்: சோலார் கண்ணாடி எப்படி செய்யுறாங்க, தூத்துக்குடிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்த அளவு அப்படியே விடப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு முத்துச்சிப்பியில இருந்து ஆரம்பிக்கலாம். தூத்துக்குடிப் பக்கம் இருக்கிறவங்க வீட்டுல ஒன்னாவது கிடக்கும். அதை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பச்சை, ரோஸ், நீலம்னு ஒரு மினுமினுப்பு தெரியும். ஆனா அதுல சாயம்னு எதுவும் கிடையாது. சிப்பிக்குள்ள இருக்கிற உயிர், கடல் தண்ணியில இருந்து சுண்ணாம்புச் சத்தை எடுத்து, சின்னச் சின்ன தகடா அடுக்கி வச்சிருக்கு. ஒரு தகடோட தடிமன் ஏறக்குறைய அரை மைக்ரான். நம்ம தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரான். அப்போ ஒரு முடி தடிமனுக்குள்ள நூறுக்கும் மேல தகடு அடுக்கலாம். அவ்வளவு மெல்லிசான அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த நிறமெல்லாம் வருது.

தூத்துக்குடிக் கடல்ல பெரிய அளவுல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961ல. அதுக்கப்புறம் முத்துப் பார்கள்ல சிப்பி அந்த அளவுக்குக் கிடைக்கல. 1973ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிக்குப் பக்கத்துல வேப்பலோடையில வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினாங்க. அந்த முறையில மனுஷன் செய்யுறது ஒரு சின்ன உருண்டையையும் இன்னொரு சிப்பியோட துளி சதையையும் உள்ள வைக்கிறது மட்டும்தான். அடுக்கு அடுக்கா பூசுற வேலை முழுக்க சிப்பியோடது. அதுக்கு மாதக்கணக்காகும்.

இன்னைக்கு நம்ம பேசப்போறது, இதே மாதிரி ஒரு பூச்சு வேலையை மனுஷன் சில மணி நேரத்துல, கதவு அளவு கண்ணாடி மேல செய்யுறதைப் பத்தி. அதுக்குப் பேர் மென்படல சோலார். தின் ஃபிலிம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நம்ம மாநிலத்துலயே இதுக்கு ஒரு பெரிய ஆலை இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல பிள்ளைப்பாக்கம் சிப்காட்ல, அமெரிக்காவோட ஃபர்ஸ்ட் சோலார் கம்பெனி கட்டினது. 2024 ஜனவரி 11ஆம் தேதி திறந்தாங்க. வருஷத்துக்கு 3.3 ஜிகாவாட் அளவுக்கு பேனல் செய்யக்கூடிய ஆலை.

மென்படலத்தைச் செய்ய டஜன் கணக்குல வழி இருந்தும் பெரும்பாலானவை ஏன் தோத்துப் போச்சு, ஒன்னு மட்டும் ஏன் நிலைச்சு நின்னுச்சு? அந்த ஜெயிச்ச படலத்துக்குள்ள இருக்கிற பொருள் எங்கிருந்து வருது? இந்த ரெண்டாவது கேள்விதான் நம்மளை மறுபடியும் தூத்துக்குடிக்குக் கூட்டிட்டு வரும்.

முதல்ல, ஏன் மெல்லிசு?

நம்ம மாடியில பார்க்குற சோலார் பேனல் பெரும்பாலும் சிலிக்கான். தூத்துக்குடியில இருந்து ஒரு மணி நேரத் தூரத்துல, கங்கைகொண்டான்ல டாடா பவர் நடத்துற பெரிய ஆலையும் சிலிக்கான் செல் செய்யுற ஆலைதான். சிலிக்கானுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது வெளிச்சத்தை உடனே விழுங்காது. போதுமான அளவு விழுங்கணும்னா நூறு மைக்ரானுக்கு மேல தடிமன் வேணும். அதனால சிலிக்கானை உருக்கி, பெரிய படிகக் கட்டியா வளர்த்து, மெல்லிய கம்பியால அப்பளம் மாதிரி அறுத்து எடுக்கிறாங்க. அறுக்கும்போது ஒரு பங்கு தூளாவே போயிடும். மணல்ல இருந்து பேனல் வரைக்கும் பல ஆலை, சில நேரம் பல நாடு தாண்டித்தான் வரும்.

இன்னொரு வகைப் பொருள்கள் இருக்கு. காட்மியம் டெலூரைடு அதுல ஒன்னு. இது வெளிச்சத்தை வேகமா விழுங்கும். ரெண்டு மூணு மைக்ரான் இருந்தாலே போதும். அவ்வளவு மெல்லிசா அறுக்கவும் முடியாது, கையில எடுக்கவும் முடியாது. அதனால அறுக்கிற வேலையையே விட்டுட்டு, நேரடியா கண்ணாடி மேல படிய வைக்கிறாங்க. சிலிக்கான் முறை கல்லுடைச்சு பலகை எடுக்கிற மாதிரி. மென்படல முறை சிப்பி மாதிரி, ஒன்னுமில்லாத இடத்துல இருந்து அணு அணுவா சேர்க்கிறது.

படலம் போட எத்தனை வழி?

கேட்டா ஏதோ ராக்கெட் சயின்ஸ் மாதிரி இருக்கும். ஆனா இதுல பாதி முறைகளோட விளைவை நீங்க தினமும் கையில பிடிக்கிறீங்க.

முதல் வழி, ஆவியாக்கிப் படிய வைக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டோட உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னுது இல்லையா? வெற்றிடத்துல அலுமினியத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, ஓடுற பிளாஸ்டிக் சுருள் மேல படிய விடுறாங்க. இட்லி குக்கர் மூடியில நீராவி படியுற மாதிரிதான். நீருக்குப் பதிலா உலோகம்.

ரெண்டாவது வழி ஸ்பட்டரிங். பொருளை ஒரு பலகையா வச்சு, அது மேல ஆர்கான் அயனிகளை வேகமா மோத விடுவாங்க. கேரம் போர்டுல ஸ்ட்ரைக்கர் பட்டு காயின் சிதறுற மாதிரி அணுக்கள் தெறிச்சு, எதிர்ல இருக்கிற கண்ணாடியில ஒட்டும். பழைய சிடி, டிவிடியோட மின்னுற பக்கம் இப்படித்தான் வந்தது.

மூணாவது, வாயுவில இருந்து படிய வைக்கிறது. சிலேன்னு ஒரு வாயுவை மின்சாரத்தால உடைச்சா, அதுல இருக்கிற சிலிக்கான் ஒழுங்கில்லாத படலமா படியும். பழைய கால்குலேட்டர்ல குட்டியா ஒரு பழுப்பு நிற சோலார் பட்டை இருக்குமே, அது இந்த வகை.

நாலாவது, மின்முலாம். கவரிங் நகைக்குத் தங்க முலாம் பூசுற அதே வேலை. உப்புக் கரைசல் தொட்டி, மின்சாரம், கண்ணாடி மேல படலம். காரைக்குடியில இருக்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது அழகப்பச் செட்டியாரோட கொடையில உருவாகி 1953ல திறந்த நிறுவனம், இப்படி முலாம் முறையில குறைக்கடத்திப் படலம் போடுறதுல பல வருஷம் ஆய்வு பண்ணியிருக்காங்க.

அஞ்சாவது, மை மாதிரி கரைச்சு அச்சடிக்கிறது. இப்போ செய்திகள்ல அதிகம் வர்ற பெரோவ்ஸ்கைட் சோலார் இந்தக் குடும்பம்தான்.

இதுல எது சிறந்ததுன்னு கேட்டா, ஆய்வகத்துல எல்லாமே வேலை செய்யும். ஒரு நகம் அளவு செல் செய்ய எந்த முறையும் போதும். சிக்கல் அதுக்கப்புறம்தான். கிட்டத்தட்ட 2.8 சதுர மீட்டர் கண்ணாடி. அதோட ஒவ்வொரு மூலையிலும் அதே மூணு மைக்ரான் வரணும். நடுவுல ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் முன்பக்க மின்முனையும் பின்பக்க மின்முனையும் ஒன்னையொன்னு தொட்டு ஷார்ட் ஆயிடும். இதைச் சில நிமிஷத்துல போட்டு முடிக்கணும். அடுத்த கண்ணாடி வரிசையில நிக்குது. அப்புறம் அந்தப் பேனல் 25, 30 வருஷம் வெயில்ல நிக்கணும்.

தோத்துப் போனவங்க

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு மோசர் பேர்ங்கிற பேர் ஞாபகம் இருக்கும். 28 ரூபாய்க்கு பட விசிடி வித்தவங்க. சிடி செய்யுற கம்பெனிக்கு மெல்லிய படலம் போடுறது கைவந்த கலைதானே? அவங்க சோலாருக்கும் வந்தாங்க. கிரேட்டர் நொய்டாவுல, அப்ளைட் மெட்டீரியல்ஸ் கம்பெனியோட இயந்திர வரிசையை வாங்கி, 5.7 சதுர மீட்டர் கண்ணாடியில சிலிக்கான் மென்படலம் போட்டாங்க. ஆனா இந்த வகைப் படலத்துக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. வெயில்ல வச்ச முதல் சில மாதத்திலேயே திறன்ல ஒரு பங்கு இறங்கிடும். ஏற்கனவே குறைவான திறன், அதுல இன்னும் குறைஞ்சா? 2010ல அப்ளைட் மெட்டீரியல்ஸே அந்த இயந்திர வரிசை விற்பனையை நிறுத்திட்டாங்க.

அமெரிக்காவுல சோலிண்ட்ரான்னு ஒரு கம்பெனி. தாமிரம், இண்டியம், காலியம், செலினியம்னு நாலு தனிமம் சேர்ந்த படலத்தை ட்யூப் லைட் மாதிரி கண்ணாடிக் குழாய் மேல போட்டாங்க. அரசாங்கம் 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. 2011ல திவால். அதே படலத்தை மை மாதிரி அச்சடிக்கப் பார்த்த நானோசோலாரும் 2013ல முடிஞ்சு போச்சு. மின்முலாம் முறையில காட்மியம் டெலூரைடு பேனல் செஞ்ச பிபி சோலார், கலிபோர்னியா ஆலையை 2002லேயே மூடிட்டாங்க.

இவங்க எல்லாம் முட்டாள்கள் இல்லை. அவங்க கணக்கு ஒரு விலையை நம்பி இருந்தது. 2008ல தூய சிலிக்கான் கிலோ 400 டாலரைத் தாண்டி வித்தது. அந்த விலையில மென்படலம் எப்படிப் போட்டாலும் லாபம். 2012 முடியுறப்போ அதே சிலிக்கான் கிலோ 20 டாலர் பக்கத்துக்கு வந்துடுச்சு. இன்னைக்கு உலகத்துல விக்கிற சோலார்ல மென்படலத்தோட பங்கு மிகச் சின்னது. நூத்துல ரெண்டு மூணுன்னு வச்சுக்கோங்க. மிச்சமெல்லாம் சிலிக்கான்.

அப்போ காட்மியம் டெலூரைடு மட்டும் எப்படிப் பிழைச்சுது?

தன்னைத்தானே சரிசெஞ்சுக்கிற பொருள்

இதுக்குக் காரணம் வேதியியல்ல இருக்கு. கற்பூரம் உருகாம நேரா ஆவியாகும் இல்லையா? காட்மியம் டெலூரைடும் சூடாக்கினா அப்படித்தான் கிளம்பும். காட்மியமும் டெலூரியமும் ஒன்னுக்கு ஒன்னுங்கிற கணக்குல பிரிஞ்சு போய், கொஞ்சம் குளிர்ந்த இடம் கிடைச்சதும் மறுபடி ஜோடி சேர்ந்து படியும். அந்தக் குளிர்ந்த இடம்கூட 500, 600 டிகிரி சூட்டுல இருக்கிற கண்ணாடி. அந்தச் சூட்டுல, ஜோடி கிடைக்காத தனி அணு ஒட்டி நிக்காது, திரும்ப ஆவியாகிப் போயிடும். அதாவது கலவை விகிதத்தை இயந்திரம் பார்த்துப் பார்த்துச் சரி பண்ண வேண்டியதில்லை. பொருளே சரி பண்ணிக்குது.

இப்போ சோலிண்ட்ராவோட நாலு தனிமக் கலவையை நினைச்சுப் பாருங்க. நாலும் சரியான விகிதத்துல, கண்ணாடியோட எல்லா இடத்துலயும், ஒவ்வொரு முறையும் வரணும். முடியாதுன்னு இல்லை. ஜப்பான்ல சோலார் ஃபிரான்டியர் பல வருஷம் செஞ்சாங்க. ஆனா மெதுவா, செலவு அதிகமா. அவங்களும் 2022ல அந்த உற்பத்தியை நிறுத்திட்டாங்க.

இன்னொரு காரணம் ஒரு மனுஷன். ஹெரால்ட் மெக்மாஸ்டர், ஓஹாயோ மாநிலத்து டொலிடோ ஊர்க்காரர். அவர் சோலார்க்காரரே இல்லை, கண்ணாடிக்காரர். கார் கண்ணாடியைச் சூடாக்கி உறுதியாக்குற இயந்திரங்கள் செஞ்சவர். 600 டிகிரியில கண்ணாடி இளக ஆரம்பிக்கும், வளையும். அதை வளையாம உருளைகள் மேல ஓட்டிக்கிட்டே வேலை பார்க்கிறது எப்படின்னு அவருக்குத் தெரியும். 1980கள்ல அவரும் முதல்ல சிலிக்கான் மென்படலத்தைத்தான் முயற்சி பண்ணாரு. சரிவரலன்னு காட்மியம் டெலூரைடுக்கு மாறினாரு. அவரோட கம்பெனி 1999ல கைமாறி ஃபர்ஸ்ட் சோலார் ஆச்சு.

கண்ணாடி போகும் பாதை

இந்த வகை ஆலையில ஒரு பக்கம் கண்ணாடி உள்ள போனா, ஏறக்குறைய நாலு மணி நேரத்துல மறுபக்கம் முழுப் பேனலா வெளிய வரும். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ.

கண்ணாடியில ஏற்கனவே ஒரு ஒளிபுகும் மின்கடத்திப் பூச்சு இருக்கும். அதுதான் முன்பக்க மின்முனை. கழுவி, சூடாக்கி அறைக்குள்ள அனுப்புவாங்க. உள்ள காட்மியம் டெலூரைடு தூளை, எதோடும் வினைபுரியாத ஒரு வாயு ஊதிக் கொண்டுவரும். சூடான பாதையில தூள் ஆவியாகும். ஆவி கண்ணாடி மேல வழிஞ்சு, பட்ட உடனே படலமாகும். கண்ணாடி நிக்காது, நகர்ந்துகிட்டே இருக்கும். ஆவிவழிப் படிவு முறைன்னு சொல்லலாம். வேகம்தான் இதோட பலம்.

அடுத்த கட்டம் தூத்துக்குடிக்காரங்களுக்கு உடனே பிடிபடும். உப்பளத்துல தண்ணி வேகமா வத்தினா உப்பு பொடிப்பொடியா விழும், மெதுவா வத்தினா கல் உப்பு பெருசா வரும். படலமும் அப்படித்தான். வேகமா படிஞ்சதால பொடிப் படிகங்களா இருக்கும். படிகத்துக்கும் படிகத்துக்கும் நடுவுல இருக்கிற எல்லைகள்ல மின்சாரம் மாட்டிக்கும். அதைச் சரிசெய்யுறதும் ஒரு உப்புதான்! காட்மியம் குளோரைடு. அதைப் படலம் மேல பூசி 400 டிகிரி பக்கத்துல சூடு காட்டினா, படிகங்கள் திரும்ப அடுங்கும், எல்லைகள்ல இருக்கிற பழுதுகளைக் குளோரின் அடைக்கும். இந்த ஒரு படி இல்லைன்னா செல் பாதி திறன்கூடத் தராது.

காட்மியம் குளோரைடு தண்ணியில கரையுற நச்சு. 2014ல லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நேச்சர் இதழ்ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அதுக்குப் பதிலா மக்னீசியம் குளோரைடு போட்டாலும் ஆய்வக செல்கள்ல அதே அளவு பலன் கிடைக்குதுன்னு காட்டினாங்க. மக்னீசியம் குளோரைடு என்ன தெரியுமா? உப்பு எடுத்த பிறகு பாத்தியில கசப்பா ஒரு தண்ணி மிஞ்சுமே, அதுல நிறைய இருக்கிறது அதுதான்.

அப்புறம் லேசர். படலத்தைக் கோடு கோடா வெட்டி, நூத்துக்கணக்கான ஒல்லிப் பட்டைகளாக்கி, ஒன்னோட ஒன்னு தொடரா இணைப்பாங்க. சிலிக்கான் பேனல்ல தெரியுற கட்டம் கட்டமான செல்லும் வெள்ளிக் கோடும் இதுல இருக்காது. ஒரே கறுப்பு. பின்பக்கம் உலோகப் பூச்சு, அதுக்கு மேல இன்னொரு கண்ணாடி, ஓரத்துல ஈரம் புகாத அடைப்பு. கடைசியா ஒரு ஃபிளாஷ் அடிச்சு எவ்வளவு வாட் வருதுன்னு பார்த்து லேபிள் ஒட்டுவாங்க.

பிள்ளைப்பாக்கம் ஆலையில இன்னொரு விஷயம் கவனிக்கணும். இவ்வளவு கழுவலுக்கும் தண்ணி வேணும். அது ஏரித் தண்ணியோ நிலத்தடி நீரோ இல்லை. சென்னையோட கழிவுநீரைச் சுத்திகரிச்சு வர்ற தண்ணியை வச்சு ஓட்டுற மாதிரி திட்டமிட்டுக் கட்டினாங்க. தண்ணிக்கு அலையுற மாவட்டத்துல இது சின்ன விஷயம் இல்லை.

படலத்துக்குள்ள இருக்கிறது எங்கிருந்து வருது?

இப்போ ஒரு கணக்கு போடலாம். 2.8 சதுர மீட்டர், மூணு மைக்ரான் தடிமன். பொருளோட அடர்த்தி தண்ணியை விட ஏறக்குறைய ஆறு மடங்கு. பெருக்கினா ஒரு பேனலுக்கு 50 கிராம் பக்கத்துல வரும். அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல டெலூரியம். 26 கிராம்னு வச்சுக்கோங்க. ஒரு பேனல் 540 வாட்னு எடுத்துக்கிட்டா, நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டுக்குக் குறையாம வரும். 25 வருஷத்துல கிட்டத்தட்ட 18,000 யூனிட். வெறும் 26 கிராம்ல இருந்து!

கேட்க அருமையா இருக்கு. ஆனா ஆலை முழு வேகத்துல ஓடினா? 3.3 ஜிகாவாட்டுன்னா 61 லட்சம் பேனல். நம்ம கணக்குப்படி 160 டன் பக்கத்துல டெலூரியம். உலகம் முழுக்க ஒரு வருஷத்துல சுத்திகரிக்கிற டெலூரியமே சில நூறு டன்ல இருந்து ஆயிரம் டன்னுக்குள்ளதான். அதுல பெரும் பங்கு சீனாவுல. 2025 பிப்ரவரியில சீனா டெலூரியம் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டுச்சு.

சரி, டெலூரியத்துக்குன்னு தனி சுரங்கம் இருக்கா? பெரும்பாலும் கிடையாது. உலகத்துல கிடைக்கிற டெலூரியத்துல பத்துல ஒன்பது பங்குக்கு மேல தாமிர ஆலைகள்ல இருந்துதான் வருது. உருக்கி எடுத்த தாமிரத்தை மின்சாரத்தால சுத்தம் பண்ணும்போது தொட்டியோட அடியில ஒரு சேறு தங்கும். தங்கம், வெள்ளி, செலினியம், டெலூரியம் எல்லாம் அந்தச் சேத்துலதான் இருக்கும். காட்மியமும் அப்படித்தான், துத்தநாக ஆலையோட உபபொருள்.

தாமிர ஆலைன்னு சொன்னதும் தூத்துக்குடிக்காரங்களுக்கு வேற எதுவும் ஞாபகம் வராது. ஸ்டெர்லைட். வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் செய்யக்கூடிய ஆலை. காத்தும் தண்ணியும் கெடுதுன்னு மக்கள் பல வருஷமா போராடினாங்க. 2018 மே 22, போராட்டத்தோட நூறாவது நாள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல 13 பேர் செத்துப் போனாங்க. மே 28ஆம் தேதி ஆலையை மூட அரசு உத்தரவு போட்டுச்சு. 2024 பிப்ரவரி 29ல உச்ச நீதிமன்றமும் திறக்க அனுமதி கேட்ட மனுவைத் தள்ளுபடி பண்ணிடுச்சு.

இங்க ஒன்னைத் தெளிவா சொல்லிடறேன். ஸ்டெர்லைட்ல இருந்து இந்த சோலார் கம்பெனிக்கு டெலூரியம் போச்சுன்னு நான் சொல்ல வரல. சொல்ல வர்றது பொதுவான விஷயம். சுத்தமான மின்சாரம்னு நாம கொண்டாடுற ஒரு கண்ணாடியோட உயிர்ப்பொருள், உலகத்துல எங்கயோ ஒரு தாமிர ஆலையோட தொட்டி அடியில இருந்து வருது. அந்த ஆலைக்குப் பக்கத்துலயும் ஒரு ஊர் இருக்கும். நம்ம ஊர்ல வேண்டாம்னு சொல்ல நமக்கு முழு உரிமை இருக்கு, அதுக்கு இங்க உயிரையே விலையா கொடுத்திருக்காங்க. ஆனா தாமிரமும் சோலாரும் நமக்கு வேணும்னா, அதைச் செய்யுற ஊர்க்காரங்களுக்கும் நாம கேட்ட அதே சுத்தமான காத்தும் தண்ணியும் கிடைக்கணும்னு கேட்கிற பொறுப்பும் நமக்கு இருக்கு. சிலிக்கான் பேனல்காரங்களும் இதுல தப்பிக்க முடியாது. அதுலயும் வெள்ளி இருக்கு, தாமிரக் கம்பி இருக்கு.

இதுல ஒரு நல்ல பக்கமும் உண்டு. டெலூரியம் தேய்ஞ்சு போற பொருள் இல்லை. 25 வருஷம் கழிச்சும் அந்த 26 கிராம் அதே கண்ணாடிக்குள்ளதான் இருக்கும். ஃபர்ஸ்ட் சோலார் 2005ல இருந்து பழைய பேனலை நொறுக்கி, அமிலத்துல கரைச்சுப் பொருளை மீட்கிற வேலையைச் செய்யுறாங்க. இந்தியாவுலயும் 2022ல வந்த மின்னணுக் கழிவு விதிகள் சோலார் பேனலையும் சேர்த்திருக்கு, 2023 ஏப்ரல்ல இருந்து அமல். திரும்ப வாங்குற ஏற்பாடு ஒழுங்கா நடந்தா, இன்னைக்கு நாம நட்டு வைக்கிற சோலார் பண்ணைதான் நாளைக்கு டெலூரியச் சுரங்கம். ஏற்பாடு சொதப்பினா, காட்மியம் இருக்கிற கண்ணாடி குப்பை மேட்டுக்குப் போகும். ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அடைஞ்சு இருக்கிற வரைக்கும் அது பத்திரமா இருக்கும். உடைஞ்சு வருஷக்கணக்கா மழையில கிடக்க விடக் கூடாது.

உப்புக்காத்துல இது தாங்குமா?

வெயில், ஈரம், உப்பு, மூணும் ஒன்னா இருக்கிற ஊர் தூத்துக்குடி. காரைக்குடி நிறுவனத்தோட கடல் அரிப்பு ஆய்வு மையம் இங்க அமைஞ்சதும் சும்மா இல்லை. உலோகத்தைக் கடல் காத்து எப்படித் தின்னுதுன்னு பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஈரமான காத்து காட்மியம் டெலூரைடுக்குக் கொஞ்சம் சாதகம். நீராவி விழுங்குற அகச்சிவப்பு வெளிச்சத்தை இந்தப் படலம் எப்படியும் பயன்படுத்துறதில்லை. அதனால அதுக்கு இழப்பு குறைவு. சூட்டுலயும் பழைய சிலிக்கான் பேனலை விட நல்லா தாக்குப்பிடிக்கும். ஆனா புது வகை சிலிக்கான் செல்கள் வந்த பிறகு அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைஞ்சு போச்சு. உப்புக்காத்துல முதல்ல அடி வாங்குறது படலமே இல்லை. ஃபிரேம், போல்ட், வயர் கனெக்டர், அப்புறம் கண்ணாடியோட ஓர அடைப்பு.

"அப்போ என் வீட்டு மாடிக்கு இதை வாங்கலாமா?"ன்னு கேட்பீங்க. நம்ம வீட்டுக்கு இது சரிவராது. ஒரு பேனல் 2.3 மீட்டர் நீளம், ரெண்டு பக்கமும் கண்ணாடி, கனம் வேற. பெரும்பாலும் பெரிய சோலார் பண்ணைகளுக்குத்தான் போகுது. வீட்டுக்கு சிலிக்கான் போதும். கடல் பக்கம் இருக்கிறவங்க வாங்கும்போது ஒன்னு மட்டும் கேளுங்க: ஐஇசி 61701, அதாவது உப்புக்காத்துச் சோதனை, பாஸ் பண்ணியிருக்கான்னு. ஸ்டாண்டுக்கு நல்ல துத்தநாக முலாம் போட்டிருக்கான்னும் பாருங்க.

அடுத்த தலைப்புச் செய்தி வரும்போது

பெரோவ்ஸ்கைட் பத்தி இனிமே நிறைய கேட்பீங்க. 2009ல ஜப்பான்ல 3.8 சதவீதத் திறன்ல ஆரம்பிச்சது, இப்போ ஆய்வகத்துல 26 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. மை மாதிரி பூசலாம், அதிகச் சூடு வேண்டாம். 2024ல ஆக்ஸ்ஃபோர்ட் பிவி, சிலிக்கான் மேல பெரோவ்ஸ்கைட் பூசின பேனலை விற்பனைக்கே அனுப்பிட்டாங்க. உண்மையிலேயே நல்ல செய்திதான். ஆனா ஈரம்னா அதுக்கு ஆகாது, உள்ள ஈயமும் இருக்கு.

அதனால எந்த சோலார் புரட்சின்னு செய்தி வந்தாலும், திறன் எத்தனை சதவீதம்னு பார்த்துட்டு ஷேர் பண்ணிடாதீங்க. நாலு கேள்வி கேளுங்க. எவ்வளவு பெரிய கண்ணாடியில செஞ்சாங்க? ஒன்னு செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு? வெளியில எத்தனை வருஷம் நின்னுச்சு? உள்ள இருக்கிற பொருள் யார் ஊர்ல இருந்து வருது, கடைசியில எங்க போகும்? முதல் மூணுக்குப் பதில் சொல்ல முடியாத கம்பெனிகளோட கதையைத்தான் மேல பார்த்தோம். நாலாவது கேள்வியைக் கம்பெனிகள் தாங்களா சொல்லாது. நாமதான் கேட்கணும், அதுவும் தூத்துக்குடி மாதிரி ஒரு ஊரைப் பார்த்த பிறகு கேட்காம இருக்க முடியாது.

உங்க ஊர்ல பழைய சோலார் பேனலை யாராவது திரும்ப வாங்குறாங்களா? தெரிஞ்சா எழுதுங்க, அதை வச்சே ஒரு எபிசோட் பண்ணலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.